பென்சில் புள்ளி

எட்டு நாற்பதுக்கு நான் தொலைபேசியை எடுப்பேன்.
வராத பிள்ளைகள் இன்று பதினொன்று.
கலாமாவில் மழை கிடையாது,
அதனால் மழை என்று யாரும் பொய் சொல்ல முடியாது.
காய்ச்சல் என்பார்கள்.
சீருடை காயவில்லை என்பார்கள்,
கம்பளியே அரைமணியில் விறைத்துக் காயும் இந்தப் பாலைவனத்தில்.
நான் சரி என்பேன்.
காயாத சீருடை என்றால்
வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று
என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.
செப்புச் சுரங்கத்தில் இரவு முறை முடித்த தகப்பன்மார்
முதல் மணிக்கே எடுத்துக் கிசுகிசுப்பார்கள்,
தங்களையே எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல்.

வாரா காலிசாயாவுக்கு நான்காவது நாள்.
எண் உபயோகத்தில் இல்லை.
பதிவேட்டில் சிவப்பு மையால் குறுக்கே வெட்ட வேண்டும்;
வெட்டு கூடினால் மானியம் குறையும்,
இயக்குநர் என் மேசையருகே வந்து
தொண்டையைச் செருமுவார்.
நான் நான்கு நாளும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன்.
புள்ளிக்கு அர்த்தம்: இன்னும் யாரும் தேடவில்லை.

தேடுவது என் வேலை அல்ல.
ஒப்பந்தத்தில் நான் “இதரப் பணியாளர்”.
எலியேசரும் இதரர்தான்: பூட்டு, கழிப்பறை, பல்பு.
சமையலறை கிரிசெல்டா வேறொரு நிறுவனத்தின் இதரர்.
அவள்தான் பாத்திரம் கழுவியபடி சொன்னாள்:
“போன வாரம் அந்தப் பெண் கேட்டது,
பல் இல்லாத ஆளுக்குப் பால்மாவு எத்தனை கரண்டி என்று.
கிழவர் யாரோ என்று நினைத்து
தாராளமாய்ச் சொல்லிவிட்டேன்.”
சொல்லிவிட்டு அவளே குழாயை மூடினாள்.

எலியேசரின் வண்டிக்கு இரண்டாவது கியர் விழாது.
முதலிலேயே முனகிக்கொண்டு
ஊருக்கு வெளியே மேடேறினோம்.
ஒட்டுப்பலகைச் சுவர், கூரைமேல் காற்றுக்குப் பாரமாக டயர்கள்.
கதவைத் திறந்த வாராவுக்கு ஒன்பது வயது.
முதுகில் வரிபோட்ட துணியில்
பல் இல்லாத ஆள்.
அம்மா செவ்வாய் முதல் அந்தோஃபகஸ்தா ஆஸ்பத்திரியில்;
போன் அம்மாவோடு, சார்ஜர் இங்கே.
அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி:
“நாலு நாளும் போட்டுவிட்டீர்களா?”
இல்லை, புள்ளிதான் என்றேன்.
மாவுப்பையைக் கிழித்து எழுதிய
ஏழாம் வாய்ப்பாட்டைக் காட்டினாள்.
ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்றிருந்தது.
நான் திருத்தவில்லை.

பிறகு நடந்ததை யானிரா சொல்வாள்,
சமூகப் பணியாளர் அவள்,
மூன்று படிவம், இரண்டு முத்திரை,
ஒருரோவிலிருந்து சித்தி பஸ்ஸில் வந்து சேர இரண்டு நாள்.
இரவுகளில் பிள்ளைகள் யானிரா வீட்டில்.
பகலில் வாரா வகுப்பில்,
குழந்தை என் அறையில்,
யாரும் கேட்டுவராத ஸ்வெட்டர்கள் போட்டுவைக்கும் பெட்டிக்குள்,
நகலெடுக்கும் இயந்திரத்தின் கதகதப்பில்.
இதற்கு விதியில் இடமில்லை.
இயக்குநர் வந்தார்.
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார்,
மிக மிக மெதுவாக.
போகும்போது கதவைக் கைப்பிடி திருகிச் சாத்தினார்.

அந்த நான்கு நாளையும் பின்னர் மையால் வெட்டினேன்.
வராததை வந்ததாக எழுத மாட்டேன்.
ஆனால் பென்சிலை அழிக்கவில்லை,
ஒவ்வொரு வெட்டின் நடுவிலும் அது கிடக்கிறது.
தணிக்கைக்கு வந்தவர் விரலால் தடவிக் கேட்டார்,
இது என்ன?
ஈ, என்றேன்.
இந்த உயரத்திலா?
ஏணிமேல் பல்பு மாட்டிக்கொண்டிருந்த எலியேசர்
திரும்பாமலே சொன்னார்: “உண்டு.”

வாரா இப்போதும் சில நாள் வருவதில்லை.
எண் இப்போது அடிக்கிறது,
சித்தி எடுக்கிறாள், சீருடை காயவில்லை என்கிறாள்.
ஸ்வெட்டர் பெட்டியில் கைவிட்டபடி
அளவு என்ன என்று கேட்கிறேன்.